கோலம் போட்ட கார்: படத்தில் எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம்

கறுப்பு வெள்ளையில் சிக்குக் கோலம் போட்ட மாதிரி உடம்பு முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கார். படம் வாட்ஸ்அப்பில் வருகிறது, கூடவே "நம்ம பனப்பாக்கத்துல ரெடியாகப் போற ஜாகுவார் ஸ்போர்ட்ஸ் கார் இதுதான்" என்று ஒரு வரியும் வருகிறது. அடுத்த படத்தில் அதே கார் ஸ்டிக்கர் இல்லாமல், சிவப்புப் பெயின்ட்டில், சினிமா போஸ்டர் வெளிச்சத்தில் நிற்கிறது. மூன்றாவதாக இன்னொன்று: ரோஸ் கலர், இரண்டு கதவு, பின்பக்கம் கண்ணாடியே கிடையாது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை. அதற்குள் குழுவில் பாதிப் பேர் "சூப்பர்", பாதிப் பேர் "சோப்பு டப்பா" என்று சண்டைக்கு நின்றுவிடுகிறார்கள்.

முதல் படம் நிஜ வண்டி, ஆனால் வேண்டுமென்றே மறைத்தது. இரண்டாவது, யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் வரைந்தது. மூன்றாவது, கண்காட்சியில் வைப்பதற்கென்றே செய்தது, அப்படியே ஷோரூமுக்கு வராது. மூன்றிலும் ஜனங்கள் சண்டை போடுவது ஹெட்லைட்டையும் முன்பக்கக் கிரில்லையும் பற்றித்தான். மூன்றிலுமே நம்ப முடியாத பாகங்கள் அவைதான் என்பது வேடிக்கை. நம்பக்கூடியது வேறு இடத்தில் இருக்கிறது.

பனப்பாக்கம் கணக்கை முதலில் முடித்துவிடுவோம்

பழைய வட ஆற்காடு, இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், நெமிலி வட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு, படிப்படியாக வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி வரை, அதில் ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் உண்டு என்பது அறிவிப்பு. டாடா அந்தக் கம்பெனியை ஃபோர்டிடமிருந்து வாங்கியது 2008-ல்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பம். ஜாகுவார் லேண்ட் ரோவர் என்பது ஒரு கம்பெனி, இரண்டு பிராண்டு. வாட்ஸ்அப் படத்தில் இருக்கும் புது மின்சார ஜாகுவார் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கம் சோலிஹல் ஆலையில் தயாராகும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. கம்பெனி பெயர் ஒன்று என்பதை வைத்து இரண்டு செய்தியை ஒரே படத்தில் ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். இனி காருக்கு வருவோம்.

நாலு விதமான வண்டி

புது மாடல் ஒன்று வெளியாவதற்கு முன்னால் சுற்றும் படங்களில் இருப்பது இந்த நாலில் ஒன்றாக இருக்கும்.

1. மியூல். ஆங்கிலத்தில் கோவேறு கழுதை என்று அர்த்தம், பெயர் ரொம்பப் பொருத்தம். புது இன்ஜின், புது சஸ்பென்ஷன், புது அடித்தளம் இவற்றை ஏதாவது ஒரு பழைய வண்டியின் உடம்புக்குள் திணித்து ஓட்டிப் பார்ப்பது. வெளித்தோற்றத்தில் வரப்போகும் காரின் சாயலே இருக்காது. இதைப் பார்த்துவிட்டு "புது மாடல் இவ்வளவு அசிங்கமா" என்று கேட்பது, கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்து வீட்டைக் குறை சொல்வது மாதிரி.

2. முன்மாதிரி. அசல் உடம்பு வந்துவிட்டது, மேலே மறைப்பு. நாம் பார்க்கும் கோலம் போட்ட கார்கள் பெரும்பாலும் இவைதான்.

3. கான்செப்ட். மேடையில் சுழலும் வண்டி. கண்ணாடி இல்லாமல் கேமரா, கைப்பிடி இல்லாத கதவு, ஆளுயரத்தில் பாதிக்குச் சக்கரம். சட்டமும் செலவும் தடுக்காவிட்டால் எப்படி வரைவோம் என்று டிசைனர்கள் காட்டுவது.

4. ரெண்டர். இரண்டாவது வகைப் படத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்து வரைவது. முன்பு கை தேர்ந்த சிலரால்தான் முடிந்தது, இப்போது ஏஐயிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் பத்து தரும். ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது வரைந்தவருக்கும் தெரியாது. தெரியாத இடத்தைப் போன மாடலின் விளக்கை வைத்தோ, அதே கம்பெனியின் வேறு காரின் மூஞ்சியை வைத்தோ நிரப்புகிறார். எனவே ரெண்டர் எப்போதும் பழைய காரின் சாயலில்தான் இருக்கும், நிஜ கார் வரும்போது எப்போதும் ஒரு அதிர்ச்சியும் இருக்கும்.

கோலம் எதற்கு?

மறைப்பதற்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். துணி போர்த்தினால் மறையும். ஸ்டிக்கர் எதையும் மறைப்பதில்லை, கண்ணைக் குழப்புகிறது. முதல் உலகப்போரில், 1917-ல், நார்மன் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ் ஓவியர் கப்பல்களுக்குக் கோணல்மாணலாகக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்கச் சொன்னார். கப்பல் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும், ஆனால் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம் என்று நீர்மூழ்கிக்காரனுக்குக் கணக்குப் பிடிபடாது. காருக்கும் அதே தந்திரம். உலோகத் தகட்டில் ஒரு மடிப்போ குழிவோ இருப்பது நமக்குத் தெரிவது வெளிச்சமும் நிழலும் விழுவதால். கறுப்பு வெள்ளைச் சுழிகள் அந்த நிழலைத் தின்றுவிடும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நமக்கு இது புதுசும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ ஆலை, அதே ஒரகடத்தில் சோதனை ஓட்டத்துக்கான தடங்களோடு மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம். இவ்வளவும் இருக்கும் வழியில் பள்ளிகொண்டா டோல் தாண்டி ஒரு டீக்கடை ஓரம் கோலம் போட்ட வண்டி நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஏதாவது எஸ்யூவியாக இருக்கும். ஆனால் கிட்டே போய்ப் பார்க்க அதுதான் வாய்ப்பு. வேலூர் வெயிலுக்கு ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு கிளம்பியிருக்கும். முன்பக்கம் பானெட்டில் ஸ்டிக்கருக்கு அடியில் ஏதோ புடைத்திருக்கும், தட்டிப் பார்த்தால் தகரச் சத்தம் வராது, ஸ்பாஞ்சு. பம்பர் மேல் போல்ட்டு போட்டு முடுக்கிய கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் வெளியே வர ஒரு சின்ன ஓட்டை மட்டும். உள்ளே டேஷ்போர்டு மேல் கறுப்புத் துணி. நம்பர் பிளேட் சிவப்பு, எழுத்து வெள்ளை. பதிவு செய்யாத வண்டியைக் கம்பெனியோ டீலரோ ரோட்டில் எடுக்க வாங்கும் சான்றிதழுக்கான பிளேட் அது. நீங்கள் போனை எடுத்தால் டிரைவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

இந்த ஸ்பாஞ்சும் பிளாஸ்டிக் தட்டும்தான் ஸ்டிக்கரைவிட முக்கியம். விளக்கின் உருவம், கிரில்லின் அகலம், டிக்கியின் விளிம்பு இதெல்லாம் பொய்யாக மாற்றி வைக்கப்பட்டவை. சில வண்டிகளில் விளக்கே தற்காலிக விளக்கு, அசல் விளக்கு இன்னும் தயாராகியிருக்காது. பொய்கை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் தரகர்கள் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே நிற்பவனுக்குத் துண்டு ஆடுவது மட்டும்தான் தெரியும். அதை வைத்து விலை சொன்னால் எப்படி இருக்கும்?

சக்கரத்தைப் பாருங்கள்

அதே சந்தையில் மாடு வாங்குகிறவர் கொம்புக்கு அடித்த வர்ணத்தைப் பார்ப்பதில்லை. பல்லைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், நடக்க விட்டுப் பார்ப்பார். காரிலும் மறைக்க முடியாத எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. எந்த ஸ்டிக்கர் ஒட்டினாலும் இந்த மூன்றும் மாறாது:

1. வீல்பேஸ். முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடு வரை உள்ள தூரம்.

2. முன்சக்கர நடுவிலிருந்து கதவு தொடங்கும் இடம் வரை உள்ள தூரம். இன்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் இதுவே சொல்லிவிடும். நீளமான இன்ஜின் முன்னால் இருந்தால் இந்தத் தூரம் அதிகம். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் போய்விட்டால் ஆள் முன்னுக்கு வந்துவிடுவார், தூரம் சுருங்கிவிடும்.

3. ஓவர்ஹாங். சக்கரத்துக்கு வெளியே முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. இதில் பிளாஸ்டிக் தட்டு ஒட்டிக் கொஞ்சம் ஏமாற்றலாம், ரொம்ப முடியாது.

அளப்பதற்கு டேப் வேண்டாம், டயரே அளவுகோல். பக்கவாட்டில் 245/40 ஆர்18 என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். 245 என்பது அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நாற்பது சதவீதம், அதாவது 98 மி.மீ. 18 என்பது ரிம், அங்குலத்தில், 457 மி.மீ. மேலே ஒரு 98, கீழே ஒரு 98 சேர்த்தால் டயரின் மொத்த உயரம் 653 மி.மீ. இனி படத்தில் வீல்பேஸுக்குள் எத்தனை டயர் அடங்குகிறது என்று எண்ணிப் பெருக்கினால் போதும்.

2019-ல் வந்த டொயோட்டா சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் வீல்பேஸ் 2,470 மி.மீ., பின் டயரின் உயரம் சுமார் 675. மூன்றே முக்கால் டயர்கூட இல்லை. அதே கம்பெனியின் ஜிடி86-க்கு 2,570 மி.மீ., 625 மி.மீ. டயர், நாலு டயருக்கு மேலேயே வந்துவிடும். சுப்ராவைப் பக்கவாட்டில் பார்க்கும்போது இரண்டு சக்கரமும் நெருங்கி, குத்துச்சண்டைக்காரர் உடம்பைச் சுருக்கி நிற்பது போல் தெரிவதற்குக் காரணம் இதுதான். 2014-ல் டெட்ராய்ட்டில் காட்டிய எஃப்டி-1 கான்செப்ட்டின் நீண்ட மூக்கை மனதில் வைத்திருந்தவர்களுக்கு ஏமாற்றமும் இதிலிருந்துதான் வந்தது. விளக்கு, காற்றுத் துளை எல்லாம் கான்செப்ட்டிலிருந்து வந்துவிட்டன, நீளம் வரவில்லை. அடித்தளம் பிஎம்டபிள்யூ இசட்4-உடன் பகிர்ந்துகொண்டது, அந்த அளவுக்குள்தான் வரைய முடியும்.

ஒரு எச்சரிக்கை: படம் நேர் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால், கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் மாமா இரண்டு மடங்கு குண்டாகத் தெரிவது போல், காரின் மூக்கும் ஊதித் தெரியும். "மூக்கு ரொம்ப நீளம்" என்று வரும் புகார்களில் பாதி இந்தக் கேமராக் கோளாறுதான்.

கொர்வெட்டில் என்ன நடந்தது

இந்த முறை எவ்வளவு தூரம் வேலை செய்யும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு அமெரிக்காவின் செவர்லே கொர்வெட் சி8, அதாவது எட்டாம் தலைமுறை கொர்வெட், நல்ல உதாரணம்.

அதற்கு முன்புவரை விற்பனைக்கு வந்த கொர்வெட்டுக்கு இன்ஜின் எப்போதும் முன்னால். அதைப் பின்னால் கொண்டுபோக வேண்டும் என்று அதன் தலைமைப் பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் ஆசைப்பட்டு, 1960-லேயே செர்வ் 1 என்று ஒரு சோதனை வண்டி செய்து காட்டினார். அதிலிருந்து ஏறக்குறைய அறுபது வருஷம், "அடுத்த கொர்வெட்டில் இன்ஜின் நடுவில்" என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன, ஒவ்வொரு முறையும் தப்பாகப் போனது. புலி வருது கதைதான்.

2014-ல் ஒரு விசித்திரமான மியூல் கண்ணில் பட்டது. பிளாக்ஜாக் என்று உள்ளே பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் யூட் என்ற பிக்கப் வண்டியின் சாயல், ஆனால் அளவு எதுவும் ஒட்டவில்லை. மூஞ்சியைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கேபின் முன்சக்கரத்தோடு ஒட்டி நிற்பதையும், சாமான் ஏற்றும் தொட்டி இருக்க வேண்டிய இடம் மூடியிருப்பதையும் கவனித்தவர்களுக்குப் புரிந்தது. பிக்கப்பின் தொட்டிக்குள் இன்ஜின் இருந்தது.

2019 ஜூலை 18 அன்று கலிபோர்னியாவில் நிஜ கார் வந்தது. முந்தைய சி7-க்கு வீல்பேஸ் 2,710 மி.மீ., சி8-க்கு 2,723. பதிமூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் உட்காரும் இடம் சுமார் 42 செ.மீ. முன்னுக்கு வந்துவிட்டது. வீல்பேஸை மட்டும் அளந்தவன் ஒன்றும் மாறவில்லை என்பான், கதவு வரை உள்ள தூரத்தையும் பார்த்தவனுக்கு எல்லாம் மாறிவிட்டது தெரியும்.

ரசிகர்கள் தவறியது பின்பக்கத்தில். ரெண்டர்களில் சி8 ஒரு ஃபெராரி மாதிரி, பின்னால் வெட்டிவிட்டது போல் குட்டையாக இருந்தது. வந்த காரோ பின்னால் கனமாக, நீளமாக இருந்தது. "பிருஷ்டம் பெரிசு" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். காரணம் ரொம்ப சாதாரணமானது. கொர்வெட்டின் கூரைப் பலகையைக் கழற்றலாம், கழற்றினால் வைக்க இடம் வேண்டும்; அப்புறம் அதை வாங்குகிறவர்கள் கோல்ஃப் விளையாடப் போகிறவர்கள், இரண்டு கோல்ஃப் பை உள்ளே போக வேண்டும். இன்ஜினுக்குப் பின்னால் அதற்கு ஒரு டிக்கி கட்டினார்கள். வாங்குபவர் எதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார் என்று ரெண்டர் வரைகிறவர் யோசிப்பதில்லை.

மூஞ்சியை வரைவது யார்?

டிசைனர் என்று நினைப்போம். பாதிதான் உண்மை.

முதலில் விளக்கு. அமெரிக்காவில் 1940-லிருந்து 1983 வரை எல்லாக் காருக்கும் ஒரே மாதிரி அடைத்த கண்ணாடி விளக்குதான் போட வேண்டும் என்று விதி, தரையிலிருந்து இத்தனை உயரத்துக்குக் கீழே போகக்கூடாது என்றும் விதி. தாழ்ந்த மூக்கு வேண்டும், விளக்கு உயரத்தில் இருக்க வேண்டும், என்ன செய்வது? பொத்தானை அழுத்தினால் எழும் விளக்கை வைத்தார்கள். நமக்கு அழகாகத் தெரிந்த அந்தக் கண் சிமிட்டல் சட்டத்துக்குச் சொன்ன பதில். கடைசியாக அப்படி வந்தவை கொர்வெட் சி5-ம் லோட்டஸ் எஸ்ப்ரிட்டும், 2004-ல் இரண்டும் நின்றன. "புது மாடலில் எழும்பும் விளக்கு திரும்ப வரும்" என்று யாராவது ரெண்டர் போட்டால் அதை ஏக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்இடி வந்தபின் விளக்கு சுண்டுவிரல் கனத்துக்குச் சுருங்கிவிட்டது, எழும்ப வேண்டிய அவசியமே போய்விட்டது.

இரண்டாவது, பாதசாரி. நடந்து போகிறவர் மேல் கார் மோதினால் அவர் தலை பானெட்டில் வந்து விழும். பானெட் தகடு நசுங்க இடம் வேண்டும், அடியில் உடனே இன்ஜின் இருந்தால் மண்டை உடையும். ஆகவே இன்ஜினுக்கும் பானெட்டுக்கும் நடுவே காலி இடம் விட வேண்டும், பானெட் உயரும். சில கார்களில் மோதியவுடன் சின்ன வெடிப்பொருளால் பானெட்டைப் பின்பக்கம் தூக்கிவிடும் ஏற்பாடு வைக்கிறார்கள், மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்க அது உதவும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காரின் கத்தி மாதிரி மூக்கை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த விதி பெரிய எதிரி.

மூன்றாவது காற்று. இன்ஜினும் பிரேக்கும் சூடாகும், காற்று உள்ளே போக வேண்டும், வெளியேயும் வர வேண்டும். ஊருக்கே வெயிலூர் என்று பட்டப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் படத்தில் தெரியும் ஒவ்வொரு துளையும் துளை இல்லை. சுப்ராவில் கதவிலும் பானெட்டிலும் இருந்த பல காற்று வழிகள் பிளாஸ்டிக் மூடி போட்டவை. ரசிகர்கள் கொதித்தார்கள். பந்தயத்துக்கு மாற்றும்போது திறந்துகொள்ளலாம் என்று தலைமைப் பொறியாளர் டெட்சுயா டடா (நம்ம டாடாவுக்கு உறவில்லை) விளக்கம் கொடுத்தார். என்னைக் கேட்டால் அது சமாளிப்பு. காட்பாடி ரோட்டில் ஓட்டப்போகிறவன் பந்தயத்துக்கு எப்போது போவான்?

கடைசியாகப் பணம். 1997-ல் போர்ஷே 911 தண்ணீர்க் குளிர்ச்சிக்கு மாறி 996 என்று வந்தபோது வட்ட விளக்கு போய், உடைந்த முட்டையின் மஞ்சள் கரு வழிவது போல் ஒரு விளக்கு வந்தது. அதை எந்த ரசிகனும் ஊகித்திருக்க முடியாது, ஏனென்றால் காரணம் ரசனையில் இல்லை. கம்பெனி கஷ்டத்தில் இருந்தது, விலை குறைந்த பாக்ஸ்டர் காரோடு முன்பக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டால் செலவு மிச்சம். நிலைமை சீரானதும் 2004-ல் அடுத்த மாடலான 997-ல் வட்டக் கண் திரும்ப வந்தது.

கூச்சல் போட்டால் மாறுமா?

சோதனை ஓட்டத்தில் திருட்டுத்தனமாக எடுத்த படத்தைப் பார்த்து "இந்த விளக்கை மாற்றுங்கள்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. முதலில் படம், பிறகு களிமண்ணில் சின்ன மாதிரி, அப்புறம் அதே களிமண்ணில் முழு அளவு மாதிரி, அதற்குப் பிறகு வடிவம் இறுதி என்று கையெழுத்து. அதிலிருந்து தகடு அழுத்தும் அச்சு செய்து, சோதித்து, விற்பனைக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். கோலம் போட்ட கார் ரோட்டுக்கு வரும்போது அந்தக் கையெழுத்து எப்போதோ காய்ந்துவிட்டது.

நிசான் 2020 செப்டம்பரில் இசட் புரோட்டோ என்று ஒன்றைக் காட்டியபோது முன்னால் இருந்த பெரிய செவ்வகக் கிரில்லை வைத்து உலகமே கிண்டல் செய்தது. 2021 ஆகஸ்டில் விற்பனை மாடலைக் காட்டினார்கள், செவ்வகம் அப்படியே இருந்தது. பெயரிலும் ரசிகர்கள் தோற்றார்கள். 350இசட், 370இசட் வந்ததால் அடுத்தது 400இசட் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள், கம்பெனி வெறும் இசட் என்று வைத்துவிட்டது.

மாறிய இடமும் உண்டு. 2019 மாடல் செவர்லே கமாரோ எஸ்எஸ்-இன் முன்பக்கத்தில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை வந்தது, யாருக்கும் பிடிக்கவில்லை. அடுத்த வருஷ மாடலிலேயே மாற்றினார்கள். இவ்வளவு சீக்கிரம் எப்படி? அது பிளாஸ்டிக் பம்பர். அச்சு மாற்றுவது மலிவு. கதவு, பக்கத் தகடு, கூரை இவற்றில் கை வைத்தால் செலவு எங்கேயோ போய்விடும், யாரும் வைக்க மாட்டார்கள். எனவே கூச்சல் எடுபடும் எல்லை பம்பரோடு சரி.

இதைவிடப் பெரிய வெற்றி ஒன்றுதான் எனக்குத் தெரியும். 1980-களில் ஃபோர்டு, மாஸ்டாவோடு சேர்ந்து செய்த முன்சக்கர இழுவைக் காருக்கு மஸ்டாங் பெயர் வைக்கப் பார்த்தது. ரசிகர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். அந்தக் கார் புரோப் என்ற வேறு பெயரில் வெளிவந்தது, மஸ்டாங் பின்சக்கர இழுவையோடு பிழைத்தது. அங்கேயும் கவனியுங்கள், அந்தக் காரின் உருவத்தை யாராலும் மாற்ற முடியவில்லை, பெயரைத்தான் மாற்றினார்கள்.

இனி அந்த ஜாகுவார் படம்

மேலே சொன்ன கணக்கு ஒரு இடத்தில் தடுக்கும், அந்த இடம் மின்சாரக் கார். 1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் மூக்கு நீளம் ஏன் என்றால், 3.8 லிட்டரில் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜின் உள்ளே இருந்தது. புது ஜாகுவாருக்கும் மூக்கு நீளம், ஆனால் உள்ளே இன்ஜின் கிடையாது. முன்சக்கரத்திலிருந்து கதவு வரை உள்ள தூரத்தை அளந்து "பெரிய இன்ஜின்" என்று இனி சொல்ல முடியாது. இந்த நீளம் டிசைனர் வேண்டுமென்றே வைத்தது, பழைய ஞாபகத்துக்காக.

மின்சாரக் காரில் எலும்புக்கூடு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருக்கும், ஆகவே தரை உயரும், ஆள் உயர்ந்து உட்காருவார், கூரையும் உயரும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இது ஆகாது. போர்ஷே டைகானில் பின் சீட்டுக்காரர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் பேட்டரியைக் குழித்துவிட்டுச் சமாளித்தார்கள். மின்சாரக் காரின் படத்தில் பார்க்க வேண்டியது, கதவின் கீழ் விளிம்புக்கும் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு தகடு இருக்கிறது என்பது. தகடு கனம், கண்ணாடி ஒல்லி என்றால் உள்ளே பேட்டரியின் உயரத்தை டிசைனர் மறைக்கிறார். பெரிய சக்கரம் போடுவதும் அதே காரணத்துக்குத்தான், உயரமான உடம்பு சின்னச் சக்கரத்தின் மேல் நின்றால் கூடைக்காரி தலைச்சுமை மாதிரி இருக்கும்.

இப்போது மூன்று படத்தையும் எடுத்துக் கதவை எண்ணுங்கள். இரண்டு கதவு, பின்கண்ணாடி இல்லை, ரோஸ் அல்லது நீலம் என்றால் அது 2024 டிசம்பர் தொடக்கத்தில் மயாமியில் காட்டிய டைப் 00 கான்செப்ட். விற்பனைக்கு வருவது நாலு கதவு வண்டி என்று கம்பெனி அப்போதே சொல்லிவிட்டது. நாலு கதவு, கோலம், ரோட்டில் ஓடுகிறது என்றால் முன்மாதிரி. மூக்கின் நீளத்தையும் சக்கரம் நிற்கும் இடத்தையும் அதில் நம்பலாம், விளக்கை நம்ப வேண்டாம். நாலு கதவு, கோலம் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, பின்னால் சூரியன் மறைகிறது என்றால் யாரோ ராத்திரி உட்கார்ந்து வரைந்தது. அதை ஃபார்வர்ட் செய்வதற்கு முன்னால் பனப்பாக்கம் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள்.